முள்ளு நிக்கட்டும் ஐயா

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்க்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) எங்கள் நாலு பேரையும் ஆளாக்கியவர். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கு, அப்புறம் காடு, பதினோரு மணிவாக்கில் காண்டா என்கிற தோள்கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வருவார். பள்ளி விடுமுறை என்றால் நானும் பின்னாலேயே ஓடுவேன். பால் வடியும் மங்கை வழிப்பதும் காய்ந்த ஒட்டுப்பாலை உரிப்பதும் என் வேலை.

ஸ்டோரில் தராசுக்குப் பக்கத்தில் கிராணி, தோட்டத்துக் கணக்கர், நிற்பார். வாளியை மாட்டியதும் முள் ஆடும். ஆடிக்கொண்டிருக்கும்போதே கிராணி ஓர் எண்ணைச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார், வரிசை நகரும். பின்னால் நாற்பது ஐம்பது பேர் வெயிலில் நிற்கிறார்கள், வீட்டில் உலை வைக்க வேண்டும், பிள்ளையை ஆயாக் கொட்டகையிலிருந்து தூக்க வேண்டும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அம்மா மட்டும் வாளியை இறக்க விடமாட்டார்.

“முள்ளு நிக்கட்டும் ஐயா.”

குரல் உயராது. ஆனால் முள் நிற்கும்வரை அசையமாட்டார். நின்ற இடத்தைப் பார்த்து, வாளியின் எடையை மனசுக்குள் கழித்து, சீட்டில் எழுதியிருப்பது அதுதானா என்று பார்த்துவிட்டுத்தான் பாலைத் தொட்டியில் ஊற்றுவார்.

ஒரு நாள் அம்மா கணக்கில் எடை குறைவாக இருந்தது. மறுபடி நிறுக்கச் சொன்னார். பின்னால் முணுமுணுப்பு. கிராணி மறுபடி நிறுத்தார். அவர் சொன்னதுதான் சரி, அம்மா கழித்ததில்தான் பிழை. கிராணி சிரித்துவிட்டு, “இப்ப திருப்தியா?” என்றார். எனக்கு மானம் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முறைத்துக்கொண்டே வந்தேன். அம்மா சாதாரணமாகச் சொன்னார்: “தப்பு என்னோடதா இருந்தா என்னடா? பாத்துக்கிட்டேன்ல.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் புரிந்துகொள்ள முப்பது வருடம் ஆனது. அந்தக் கிராணி நல்ல மனிதர். எங்கள் அக்கா கல்யாணத்துக்கு மொய் எழுதியவர். அவரைத் திருடன் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. ஆளைச் சந்தேகப்பட்டு நிறுக்கச் சொல்வது வேறு, நிறுவை என்றால் பார்த்துத்தான் வாங்குவது என்பது வேறு. நம் அரசியலில் இந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன. கணக்கு கேட்டால், “என்னைத் திருடன்னு சொல்றியா?” என்றுதான் பதில் வருகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். ஸ்டோரில் முள்ளை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்ற அதே அம்மா, தோட்டத்துக்கு ஒய்பி, அதாவது எம்பியோ சட்டமன்ற உறுப்பினரோ, வருகிறார் என்றால் பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுப்பார். கோயில் மண்டபத்தில் முன்வரிசையில் நின்று கும்பிடுவார். ஒரு பை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, “நல்லா இருக்கணும் சாமி” என்று வாழ்த்திவிட்டு வருவார். அந்த அரிசி யார் காசு, எத்தனை பை வந்தது, எத்தனை பை கொடுத்தார்கள் என்று அம்மா கேட்டதே இல்லை. தன் பாலை நிறுக்கும்போது இருந்த கண் அங்கே எங்கே போனது?

நான் நினைப்பது இதுதான். பால் தன்னுடையது என்று அம்மாவுக்குத் தெரியும். அரிசி ஒய்பியுடையது என்று நினைத்துவிட்டார். நம்மிடம் செஞ்சோற்றுக் கடன் என்றொரு சொல் இருக்கிறது. கர்ணன் தப்பான பக்கம் நின்று செத்ததைக்கூட அந்த ஒரு சொல்லை வைத்து நாம் மன்னித்துவிட்டோம். அது பெருமைக்குரிய குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் துரியோதனன் போட்டது துரியோதனன் வீட்டுச் சோறு. ஒய்பி தூக்கிக் கொடுப்பது பெரும்பாலும் அரசாங்க மானியம், அதாவது அம்மா கடையில் சாமான் வாங்கும்போது சேர்ந்து போகிற வரி. நம் சோற்றை நமக்கே போட்டுவிட்டு நம்மிடமே கடன் வசூலிக்கிறார்கள் என்பது அன்று எங்கள் லயத்தில், தோட்டத்துக் குடியிருப்பு வரிசையில், யாருக்கும் உறைக்கவில்லை. சொன்னவர்களுக்கு நன்றி கெட்டவன் என்று பெயர்.

அந்தப் பெயரை எங்கள் ஊரில் முறையாகச் சம்பாதித்தவர் ஒருவர் உண்டு. கோயில் செயலாளராக இருந்தவர். எங்களுக்கு மாமா முறை.

ஒரு பொதுத்தேர்தலுக்குச் சில மாதம் முன்பு கோயில் மண்டபக் கூரைக்கு மானியம் என்று ஒரு தலைவர் வந்தார். யார், எந்தக் கட்சி என்பதை விட்டுவிடுகிறேன், எல்லாக் கட்சியிலும் இதைச் செய்திருக்கிறார்கள். மாலை, மேளம், பேச்சு எல்லாம் முடிந்து மாதிரிக் காசோலை ஒன்றை நீட்டினார். மலேசியாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: ஒரு ஆள் அகலத்துக்கு அட்டையில் அச்சடித்த காசோலை. அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். வங்கிக்குக் கொண்டுபோனால் காவலாளிகூட உள்ளே விடமாட்டார். எங்கள் அட்டையில் 50,000 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டிருந்தது. படம் எடுத்தார்கள். தலைவர் போனார். அட்டை மட்டும் கோயிலில் மயில் வாகனத்துக்குப் பின்னால் நின்றது.

தேர்தல் வந்தது, முடிந்தது. கூரை ஒழுகியது. மாமா கடிதம் எழுதினார். பதில் இல்லை. இன்னொன்று எழுதினார். தலைவரின் சேவை மையத்துக்குப் போன் செய்தால், “ப்ரோசஸ்ல இருக்கு” என்றார்கள். ஏழெட்டு மாதம் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை காலை மாமா அந்த அட்டையை வெளியே எடுத்து, தூசி தட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ராஃபியா கயிற்றால் கட்டினார். பெரிய சாலையில் காற்று அடிக்க, அட்டை பாய்மரம் மாதிரி மோட்டாரை ஒரு பக்கமாகத் தள்ள, லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க, மாமா அதை அப்படியே சேவை மையம் வரை ஓட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் என் மோட்டாரில். சிரிப்பை அடக்க முடியவில்லை, பயமாகவும் இருந்தது.

மையத்தில் இருந்த உதவியாளர் சின்னப் பையன். அட்டையைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. மாமா அதைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தம்பி, நான் பணம் கேட்டு வரல. இந்த நம்பர் என்னாச்சுன்னு மட்டும் சொல்லு. பாஸ் ஆச்சா, ஆகலயா? ஆகலன்னா ஆகலன்னு ஒரு கடுதாசி குடு. நான் சபையில வாசிச்சிடறேன்.”

கடுதாசி வரவில்லை. அடுத்த மாதம் 20,000 வெள்ளிக்கு நிஜக் காசோலை வந்தது. மீதி 30,000 அங்கீகாரமே ஆகவில்லையா, வேறு கோயிலுக்குப் போனதா, முதலிலிருந்தே அட்டையில் மட்டும்தான் இருந்ததா, இன்றுவரை தெரியாது. மாமா அந்த வருட ஆண்டுக்கூட்டத்தில் இதை அப்படியே சொல்லி, மறுபடி எழுத அனுமதி கேட்டார். கூட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. கொடுத்த மனுஷன் மனசு நோகும்படி செஞ்சிட்டியே, இனி யாரு நம்ம கோயிலுக்கு வருவாங்க என்று ஆளுக்கு ஆள் ஏசினார்கள். அடுத்த தேர்தலில், கோயில் தேர்தலைச் சொல்கிறேன், மாமா தோற்றார். அந்தக் கூட்டத்தில் மாமாவுக்கு எதிராகக் கை தூக்கியவர்களில் அம்மாவும் ஒருவர்.

எங்கள் பக்கத்து மக்கள் எதையும் கேட்டறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பாடாங் செராயிலிருந்து வடக்கே போய்ச் சுங்கைப் பட்டாணியைத் தாண்டினால் பீடோங். போர் முடிந்த கையோடு அங்கே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படையைத் திரட்டினார். தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடைக்கு எதிராக நின்றார்கள். 1947இல் போலீசோடு மோதல், கைது, சிறை என்று அது அடக்கப்பட்டது. தோட்டத் துரைமார் காலத்திலேயே கேட்டவர்கள் நாம். நம்மில் ஒருவரே தலைவராகி, நம் மொழியில் பேசி, நம் கோயிலில் மாலை வாங்கத் தொடங்கியபின்தான் வாய் அடைத்துக்கொண்டது.

மறுபடி வாய் திறந்ததை நான் நேரில் பார்த்தது 2000 நவம்பரில். லூனாஸ் எங்கள் நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கும் சட்டமன்றத் தொகுதி, வாத்து ரோஸ்ட்டுக்குப் பேர்போன சின்ன ஊர். அங்கே ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) சட்டமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் ஜோ ஃபெர்னாண்டஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர் 29 இடைத்தேர்தல். ஒரு கடைத்தெருவும் சுற்றிலும் பால்மரமுமாக இருந்த இடத்தில் நாட்டின் பெருந்தலைவர்கள் எல்லோரும் வந்து குவிந்தார்கள். வாக்களிப்பு நாளில், வெளியூர் ஆட்களை ஏற்றி வந்ததாகச் சொல்லி எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் பஸ்களை மறித்தார்கள். பெங்குண்டி ஹந்து, அதாவது பேய் வாக்காளர், என்ற சொல்லை எங்கள் லயத்தில் எல்லோரும் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். முனியாண்டி கோயில் பூசாரி, பேய்க்கெல்லாம் ஐசி (அடையாள அட்டை) குடுக்கறாங்களா என்று கேட்டது இன்னும் எங்கள் வீட்டில் நகைச்சுவை. கெஅடிலான் (இன்றைய பிகேஆர்) கட்சி வேட்பாளர் சைஃபுடின் நசுத்தியோன் சில நூறு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கெடா சட்டமன்றத்தில் அன்றைய ஆளும் கூட்டணியான தேசிய முன்னணியின் மூன்றில் இரண்டு பெரும்பான்மை அந்த ஒரு தொகுதியோடு போனது.

பிறகு 2007. நவம்பர் 10ஆம் தேதி கோலாலம்பூரில் பெர்சே அமைப்பின் முதல் பெரிய பேரணி. சுத்தமான வாக்காளர் பட்டியல், விரலில் அழியா மை, எல்லாத் தரப்புக்கும் ஊடகத்தில் இடம் என்று கேட்டார்கள். பெர்சே என்றால் சுத்தம். பதினைந்தே நாளில், நவம்பர் 25, மலேசிய இந்தியருக்கு உரிமை கேட்ட இண்ட்ராஃப் பேரணி. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்துப் போனவர்கள் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். டிசம்பரில் ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார்கள். 2008 மார்ச் 8 தேர்தலில் அந்த ஐவரில் ஒருவரான மனோகரன் சிறையில் இருந்தபடியே சிலாங்கூரில் கோத்தா ஆலம் ஷா தொகுதியை வென்றார். 1974 முதல் சுங்கை சிப்புட்டில் இருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலு தோற்றார். கெடா மாநிலமே கைமாறியது. அந்தத் தேர்தலுக்காக வாங்கி வைத்திருந்த அழியா மையை வாக்களிப்புக்கு நாலு நாள் இருக்கும்போது தேர்தல் ஆணையம் ரத்துசெய்தது. 2013இல்தான் முதன்முதலாகப் பூசினார்கள், அழியா மை அழிகிறது என்று நாடு முழுக்கப் புகார்.

அம்பிகா சீனிவாசன் தலைமையில் 2011 ஜூலை 9ஆம் தேதி நடந்த பெர்சே 2.0வில் 1,600 பேருக்கு மேல் கைதானார்கள். எனக்கு அன்று போகத் தைரியம் வரவில்லை. அடுத்த வருடம் ஏப்ரல் 28, பெர்சே 3.0 பினாங்கிலும் நடந்தது. கடற்கரைத் திடலுக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்தான். மஞ்சள் சட்டை வாங்கப் பயந்துகொண்டு, தைப்பூசத்துக்குக் கட்டிய மஞ்சள் வேட்டியைத் துண்டாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். கேட்டால் நேர்த்திக்கடன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம். யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று உண்டு. தலைவரை மாற்றுவதையே கணக்குக் கேட்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதைப் பாடாங் செராய்க்காரர்களுக்கு இரண்டு தடவை பாடம் நடத்திக் காட்டினார்கள்.

2008இல் மக்கள் சக்தி, அதாவது இண்ட்ராஃப், அலையில் பிகேஆர் சார்பில் நாங்கள் அனுப்பிய கோபாலகிருஷ்ணன் 2011 தொடக்கத்தில் கட்சியை விட்டுச் சுயேச்சையானார். அவருக்கு அவர் காரணம் இருந்திருக்கும். எங்களிடம் யாரும் வந்து கேட்கவில்லை. சரி, அது ஒரு ஆள் விவகாரம் என்று விட்டோம். 2013இல் சுரேந்திரன், 2018இல் கருப்பையா, இருவரும் பிகேஆர். அப்புறம் 2020. கூட்டரசில், அதாவது மத்தியில், ஆட்சி கவிழ்ந்த சூட்டோடு மே மாதத்தில் கெடாவில் இரண்டு பிகேஆர் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சியை விட்டார்கள். ஒருவர் சிடாம் தொகுதி, இன்னொருவர் எங்கள் லூனாஸ் தொகுதியின் அஸ்மான் நஸ்ருடின். முக்ரிஸ் மகாதீரின் மாநில ஆட்சி விழுந்தது, சனூசி மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், ஆனார். 2000இல் பஸ்ஸை மறித்துக் காப்பாற்றிய தொகுதி. அதை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போக ஒரு பத்திரிகையாளர் கூட்டம் போதுமாக இருந்தது. எங்கள் ஊர்க் கோப்பிக்கடையில் ஒருவர், “பேய் வாக்காளரைப் புடிச்சோம், பேய் ஒய்பியைப் புடிக்க முடியலயே” என்றார்.

வேலைக்காரன் தப்புச் செய்தால் கங்காணி மறுநாளே நிறுத்திவிடுவார். ஒய்பியை நிறுத்த ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், திரும்ப அழைக்கும் உரிமை நமக்கு இல்லை. 2022 ஜூலையில் மக்களவை நிறைவேற்றிய கட்சித்தாவல் தடைச் சட்டம் அக்டோபர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்சியை விட்டுப் போகும் எம்பி தொகுதியையும் இழப்பார். வரவேற்றேன். ஆனால் கட்சி தானாகவே நீக்கினால் தொகுதி போகாது. கட்சி மொத்தமாகக் கூட்டணி மாறினாலும் போகாது. ஒரு மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டு மந்தைக்குக் கதவைத் திறந்துவைத்த கதை.

முன்னாள் பிரதமர் நஜிப் விஷயத்துக்கு வருகிறேன். அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி பற்றி 2015இல் செய்தி வந்தபோது எங்கள் ஊரில் பெரும்பாலோருக்கு அது வேறு கிரகத்துச் சமாசாரம். அவர் சொந்தக் கணக்கில் 2.6 பில்லியன் வெள்ளி வந்தது என்றால் என்ன? பூஜ்ஜியம் எண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். 2020 ஜூலை 28இல் 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சி வழக்கில் 42 மில்லியன் வெள்ளி தொடர்பாக அவருக்கு 12 வருடச் சிறை, 210 மில்லியன் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. அன்றிரவு அம்மாவுக்கு நான் வேறு மாதிரிக் கணக்குப் போட்டுச் சொன்னேன். அம்மா கடைசியாக வெட்டிய காலத்தில் நாள் சம்பளம் சுமாராக 20 வெள்ளி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 6,000. அப்படியென்றால் 42 மில்லியன் சம்பாதிக்க 7,000 வருடம் மரம் வெட்ட வேண்டும்.

அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. “மழை நாளைக் கழிச்சியா?” என்றார்.

2022 ஆகஸ்ட் 23இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்து நஜிப் காஜாங் சிறைக்குப் போனார். நாட்டின் முன்னாள் பிரதமர் ஒருவர் சிறைக்குள் போவது அதுவே முதல் முறை. 2024 தொடக்கத்தில் மன்னிப்பு வாரியம் தண்டனையைப் பாதியாக்கி, அபராதத்தை 50 மில்லியனாகக் குறைத்தது. ஏன் என்று மக்களுக்கு விளக்கமாகச் சொல்லப்படவில்லை. எங்கள் வீட்டில் இதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. என் தம்பி நஜிப்பை இன்னும் நல்லவர் என்பான், அவர் காலத்தில்தான் உதவித்தொகை கையில் வந்தது என்பான். மறுபடியும் அந்தச் செஞ்சோறு.

தலைவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாங்கள் ஊர்ச் சாக்கடைக்கு யாரைக் கேட்பது என்பதில்தான் இன்னும் வினோதம். நகராண்மைக் கழக உறுப்பினரை மலேசியாவில் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சித் தேர்தல் 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது, 1976 ஊராட்சிச் சட்டத்தோடு இல்லாமலே போனது. இதை விசாரிக்க அறுபதுகளில் அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் இருக்க வேண்டும் என்றுதான் அவர் ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர் என்று அவரை நினைவு வைத்திருப்பவர்கள்கூட இதை அறிந்ததில்லை. என்னைக் கேட்டால், நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இது. சாக்கடை அடைத்தால் நாம் எம்பிக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறோம். நாட்டுக்குச் சட்டம் செய்ய வேண்டியவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சாக்கடையில் நின்று படம் எடுத்துப் போடுகிறார். நாமும் நூறு கை கூப்பு அனுப்புகிறோம்.

கேட்டால் நடக்குமா என்பவர்களுக்கு நான் சொல்வது கேமரன் மலை. தேயிலைத் தோட்டமும் காய்கறித் தோட்டமுமாகத் தமிழர்கள் நிறைந்த ஊர், ஓராங் அஸ்லி பழங்குடி மக்களும் நிறைய. 2018 தேர்தலில் ம.இ.கா.வின் சி. சிவராஜ் அங்கே 597 வாக்கில் வென்றார். தோற்ற ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) வேட்பாளர் மனோகரன் தேர்தல் மனு போட்டார், இவர் கோத்தா ஆலம் ஷா மனோகரன் இல்லை, வேறு ஒருவர். 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின்படி முடிவு அரசிதழில் வந்து 28 நாளுக்குள் போட்டாக வேண்டும். ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது உண்மை என்று 2018 நவம்பர் 30இல் நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்துசெய்தது. மனுப் போட்டவருக்கு லாபம் ஒன்றும் இல்லை. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் மறுபடி தேசிய முன்னணிதான் ஜெயித்தது, மனோகரன் மறுபடி தோற்றார். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அதுதான். முள் நின்ற இடம் அவருக்குச் சாதகமாக இல்லை. ஆனாலும் நிறுத்துப் பார்க்கப்பட்டது.

2018 மே 9, புதன்கிழமை வாக்களிப்பு. அந்த முறை நான் சும்மா ஓட்டுப் போட்டுவிட்டு வரவில்லை. எண்ணும் முகவராகப் போனேன். எங்கள் தொகுதிப் பள்ளி ஒன்றில் ஒரு சாலுரான், அதாவது வாக்களிக்கும் அறை. வாக்காளர்களை வயதுப்படி சாலுரான் சாலுரானாகப் பிரிப்பார்கள், முதல் சாலுரானில் வயதானவர்கள், கடைசியில் இளசுகள். எண்ணி முடித்ததும் ஒவ்வொரு சாலுரானுக்கும் போரங் 14 என்ற படிவத்தை எழுதுவார்கள். எத்தனை வாக்குச்சீட்டு கொடுத்தது, ஒவ்வொருவருக்கும் எத்தனை, செல்லாதவை எத்தனை. தலைமை அதிகாரியும் முகவர்களும் கையெழுத்துப் போட்டு, முகவருக்கு ஒரு நகல். தேர்தல் என்கிற இந்தப் பெரிய திருவிழாவில் நம் கைக்கு வருகிற ஒரே நிறுவைச் சீட்டு அதுதான். அந்த இரவில் பல இடங்களில் போரங் 14இல் கையெழுத்துப் போடத் தாமதம் என்று செய்தி பறந்துகொண்டிருந்தது.

எங்கள் அறையிலும் எண்ணி முடித்தாயிற்று, படிவம் வரவில்லை. அதிகாரி ஒரு மலாய் ஆசிரியர், விடியற்காலையிலிருந்து நிற்கிறவர், கண் சிவந்திருந்தது. கொஞ்சம் பொறுங்கள், நகல் அப்புறம் தருகிறேன் என்றார். மற்ற முகவர்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயார். எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன். “தாபா சேகு, சாயா துங்கு” என்றேன். பரவாயில்லை சார், காத்திருக்கிறேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முக்கால் மணி நேரம். ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபமில்லை, அவர் எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்கூடக் கொடுத்தார். கையெழுத்துப் போட்ட நகலை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது 61 வருட ஆட்சி போய்விட்டது என்று கூச்சல். எனக்கு அந்தத் தாள் நனையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கவலை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு மோட்டாரை எடுத்தேன்.

மாமா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் நேரே அவர் வீட்டுக்குப் போயிருப்பேன்.

தானியங்கிப் பதிவும் 18 வயது வாக்குரிமையும் வந்தபின் முதல் பொதுத்தேர்தல், 2022 நவம்பர் 19. பாடாங் செராயில் அன்று நடக்கவில்லை. மூன்று நாள் முன்பு கருப்பையா காலமானார். வாக்களிப்பு டிசம்பர் 7க்குத் தள்ளிப்போனது. நாட்டுக்குப் பிரதமர் வந்தபிறகு ஓட்டுப் போட்ட ஊர் எங்கள் ஊர். தேசிய முன்னணிக்காக நின்று கடைசி நேரத்தில் விலகியவர் கேமரன் மலையில் பார்த்தோமே, அதே சிவராஜ். வென்றவர் பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணி சார்பில் நின்ற அஸ்மான் நஸ்ருடின், 2020இல் லூனாஸைத் தூக்கிக்கொண்டு போனவர். ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் ஜெயித்தார், முள் நின்ற இடம் அது. எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக வேறு எண்ணை எழுத முடியாது.

அந்த முறை எண்ணும் முகவராகப் போனது நான் இல்லை, என் மகள். இருபத்து மூன்று வயது, பினாங்கில் வேலை, விடுப்புப் போட்டு வந்திருந்தாள். இரவு வீடு திரும்பியபோது அம்மா தூங்காமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“யாரு ஜெயிச்சா?” என்று அம்மா கேட்கவில்லை. “சீட்டு குடுத்தாங்களா?” என்றார்.

மகள் போரங் 14இன் படத்தைக் கைப்பேசியில் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்களை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். படம் நகர்ந்து நகர்ந்து போக, மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் உதடு கூட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இது என்ன?”

“செல்லாத ஓட்டு பாட்டி.”

“அதையும் எழுதியிருக்காங்களா?”

“எழுதியிருக்காங்க.”

அம்மா மறுபடி முதலிலிருந்து கூட்டினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

“சரி. சோறு மூடி வச்சிருக்கேன். கைய கழுவிட்டு வா.”